செயின் எங்கே கழல்கிறது என்று பார்த்துவிட்டு செயின் கைடு வாங்குங்கள்

கல்லும் வேருமாகக் கிடக்கும் இறக்கத்தில் வேகமாக வந்து, அடுத்த ஏற்றத்துக்காக எழுந்து நின்று பெடலை அழுத்துகிறீர்கள். கால் எந்தத் தடையும் இல்லாமல் சட்டென்று கீழே போகிறது. செயின் கழன்றுவிட்டது. உடல் எடை முழுவதும் அந்த நொடியில் அந்த ஒரு காலில்தான் இருக்கும். நிலைதடுமாறி மேல்குழாயில் இடித்துக்கொள்ளலாம், ஹேண்டில்பாரைத் தாண்டி விழவும் செய்யலாம். விழாமல் தப்பினாலும் கதை முடியாது. செயின் உள்பக்கமாக விழுந்து செயின்ரிங்குக்கும் (பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல்சக்கரம்) ஃபிரேமுக்கும் நடுவே சிக்கிக்கொண்டால், அதற்குப் பிறகு மிதிக்கும் ஒவ்வொரு அரைச் சுற்றும் பின்சக்கரத்தை நோக்கிப் போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டேயை அரம் போட்டு ராவும். அலுமினியம் என்றால் ஆழமான வெட்டு விழும். கார்பன் என்றால் இழைகளே அறுபடும். என் முதல் மவுண்டன் பைக்கின் செயின்ஸ்டேயில் அப்படி விழுந்த வெட்டு இன்றும் இருக்கிறது. விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு ஆழம்.

இப்படி ஒரு முறை ஆன பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி, எந்த செயின் கைடு வாங்கலாம் என்பதுதான். செயின்ரிங்கிலிருந்து செயின் கழலாமல் காவல் நிற்கும் சிறிய பாகம் அது. பெட்டியின் மேல் டிரெயில், எண்டியூரோ, டவுன்ஹில் என்று எழுதியிருக்கும். நாம் ஓட்டும் வகையைப் பார்த்து ஒன்றை எடுத்துவிடத் தோன்றும். அந்தப் பெயர்களைவிட முக்கியமான விஷயங்கள் இரண்டு. உங்கள் செயின் எப்போது, எந்த இடத்தில், எந்தப் பக்கமாகக் கழல்கிறது என்பது முதலாவது. உங்கள் ஃபிரேமில் எதைப் பொருத்த முடியும் என்பது இரண்டாவது. இவை தெரிந்தால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும். சில நேரம் கைடே தேவையில்லை என்றும் தெரியவரும்.

செயின் ஏன் கழல்கிறது

பெடலை மிதிக்கும்போது செயின்ரிங்குக்கும் கேசட்டுக்கும் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத் தொகுதி) இடையே மேல்பக்கமாக ஓடும் செயின் விறைப்பாக இருக்கும். பாரத்தை இழுப்பது அதுதான். கீழ்பக்கச் செயினில் அந்த இழுவை கிடையாது. கியரை மாற்றும் பின் டீரெய்லரில் தொங்கும் கை போன்ற கேஜில் இருக்கும் ஸ்பிரிங்தான் அதைத் தொய்யாமல் பிடித்து வைத்திருக்கிறது. மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருள விட்டால் மேல்பக்கச் செயினிலும் இழுவை போய்விடும். செயின் கழல்வதற்குத் தோதான நேரம் இதுதான்.

இந்த நிலையில் பின் சக்கரம் ஒரு கல்லில் அடிபட்டால், டீரெய்லரின் கேஜ் தன் எடையாலேயே முன்னோக்கி ஆடும். அது ஆடியவுடன் கீழ்ச்செயின் தொய்ந்து சாட்டை போலத் துள்ளும். அந்த அலை செயின்ரிங் வரை போய், பல்லில் உட்கார்ந்திருக்கும் செயினைத் தூக்கிவிடும். ஒரு கண்ணி பல்லின் நுனிக்கு மேலே எழும்பிவிட்டால் போதும், அடுத்த மிதியில் மற்ற கண்ணிகளும் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

மிதிக்காதபோதும் பின்சக்கரத்தைத் தனியே உருள விடும் ஃப்ரீஹப்பும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. வண்டி உருளும்போது ஃப்ரீஹப் தடையில்லாமல் சுழல வேண்டும். உள்ளே கிரீஸ் இறுகியோ பேரிங் கெட்டோ இழுத்துப் பிடித்தால், சக்கரம் கேசட்டையும் தன்னோடு முன்னால் சுற்றப் பார்க்கும். பெடல் மாட்டிய கிராங்க் அசையாமல் நிற்கும்போது கேசட் மட்டும் முன்னால் சுற்றினால் மேல்பக்கச் செயின் தொய்ந்து செயின்ஸ்டேயின் மேல் விழும். வண்டியைத் தூக்கிப் பின்சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டுப் பாருங்கள். பெடல் தானாகச் சுற்றினாலோ மேல்செயின் தொய்ந்து தொங்கினாலோ முதலில் சரிசெய்ய வேண்டியது ஃப்ரீஹப்பைத்தான்.

முன்னால் மூன்று செயின்ரிங், அவற்றுக்கிடையே செயினை மாற்ற ஒரு முன் டீரெய்லர் என்று இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் ஓரளவு மறைந்திருந்தது. முன் டீரெய்லரின் கேஜ் செயினின் இரு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும். கியர் மாற்றுவது அதன் வேலை என்றாலும், செயினை வெளியே போகவிடாமல் தடுக்கும் வேலையையும் அது கேட்காமலேயே செய்துகொண்டிருந்தது. டவுன்ஹில் பந்தயக்காரர்கள் முன் டீரெய்லரைக் கழற்றிவிட்டு ஒரே செயின்ரிங்குக்கு மாறியபோது அந்தச் சுவரும் போய்விட்டது. அதற்குப் பதிலாகத்தான் இரண்டு தகடுகளுக்கு நடுவே செயினை ஓடவிட்டு, கீழே ஒரு ரோலரையும் வைத்த கனமான கைடுகள் வந்தன. சத்தம் போடும், சேறு பிடிக்கும், ஆனால் செயின் கழலாது.

நிலைமையை மாற்றியவை அடுத்தடுத்து வந்த இரண்டு கண்டுபிடிப்புகள். 2011இல் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ தன் எக்ஸ்டிஆர் டீரெய்லரில் கிளட்ச் வைத்தது. கேஜ் முன்னோக்கி ஆடுவதை உராய்வால் தடுக்கும் சின்ன அமைப்பு அது. ஸ்பிரிங் மட்டும் இருந்தபோது சாட்டையாகத் துள்ளிய கீழ்ச்செயின் கிளட்ச் வந்ததும் பெருமளவு அடங்கியது. 2012இல் இன்னொரு பாக நிறுவனமான ஸ்ராம் எக்ஸ்எக்ஸ்1 என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. முன்னால் ஒரே செயின்ரிங், பின்னால் 10இலிருந்து 42 பல் வரை 11 சக்கரங்கள். அந்த செயின்ரிங்கில்தான் குறுகிய பல், அகலப் பல் என்று மாறி மாறி வரும் நாரோ-வைடு அமைப்பு பரவலாக அறிமுகமானது.

இந்தப் பற்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் செயின் கழலாமல் இருப்பதில் பெரும்பங்கு இதற்குத்தான். செயினின் கண்ணிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. உள்தகடுகள் கொண்ட ஒரு கண்ணி, வெளித்தகடுகள் கொண்ட ஒரு கண்ணி என்று மாறி மாறி வரும். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 12.7 மி.மீ. உள்தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 2.2 மி.மீ.தான், வெளித்தகடுகளுக்கு நடுவே அதைவிடக் கணிசமாக அதிகம். பழைய செயின்ரிங்கில் எல்லாப் பற்களும் குறுகிய இடைவெளிக்கு ஏற்ற ஒரே தடிமனில் இருக்கும். அதனால் அகலக் கண்ணிகளில் பல் லொடலொடவென்று ஆடும். நாரோ-வைடு செயின்ரிங்கில் அகலக் கண்ணிக்கு அகலப் பல் வருவதால் எல்லாக் கண்ணியும் பக்கவாட்டில் ஆட இடமில்லாமல் பிடிபடும். பற்களும் வழக்கத்தைவிட உயரம். இந்த ஏற்பாடு ஒவ்வொரு சுற்றிலும் பொருந்தி வர வேண்டுமானால் செயின்ரிங்கின் பல் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 30, 32, 34 என்றே இவை விற்பதற்குக் காரணம் அதுதான். முன் டீரெய்லர் வைத்த வண்டிக்கு இது ஒத்துவராது. செயினை இறுகப் பிடிப்பதுதான் இந்தப் பற்களின் வேலை, பக்கவாட்டில் தாவ விட வேண்டிய முன் டீரெய்லருக்கோ அதுவே தடை.

செயின் கழன்று நாமே மாட்டும்போது ஒரு தவறு நடக்க வாய்ப்புண்டு. அகலப் பல் குறுகிய கண்ணியில் வரும்படி ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால், செயின் பல்லின் அடிவரை உட்காராமல் மேலேயே மிதக்கும். பத்து மீட்டர் போவதற்குள் மறுபடி கழலும். அவசரத்தில் மாட்டும்போதும் அகலப் பல் அகலக் கண்ணியில்தான் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கிளட்சும் நாரோ-வைடும் சேர்ந்த பிறகு பலர் கைடைக் கழற்றி வைத்துவிட்டார்கள், நிறையப் பேருக்கு அது சரியாகவே வேலை செய்தது. ஆனால் கைடு மறைந்துபோகவில்லை. கேசட்டின் பெரிய சக்கரம் 42 பல்லோடு நிற்காமல், 2016இல் ஸ்ராம் ஈகிளில் 50 ஆனது. 2018இல் ஷிமானோ 51க்குப் போனது. ஸ்ராம் பிறகு 52 வரை வந்தது. பெரிய கேசட்டுக்கு நீளமான செயினும் நீளமான கேஜும் வேண்டும், எனவே ஆடுவதற்கு எடை கூடியது. செயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும் கோணமும் கூடியது. அப்புறம் அகலப் பற்களும் தேயத்தான் செய்யும். புதிதாக இருக்கும்போது கைடு இல்லாமலேயே செயினைப் பிடித்துவைத்த செயின்ரிங், ஓரிரு பருவம் சேற்றிலும் மணலிலும் ஓடிய பிறகு அதே பிடியைத் தராது. கைடு போட நினைப்பவருக்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்: பற்கள் தேய்ந்த பிறகும் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இருக்கிறது.

வாங்குவதற்கு முன்

கிளட்சை முதலில் பாருங்கள். ஷிமானோவின் பல டீரெய்லர்களில் கிளட்சை இயக்கவும் நிறுத்தவும் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. பின்சக்கரத்தைக் கழற்றும்போது அதை நிறுத்திவிட்டு, மாட்டிய பிறகு மறுபடி போட மறந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கிற விஷயம். "திடீரென்று செயின் கழல ஆரம்பித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான். நெம்புகோல் போட்டே இருந்தால் கேஜைக் கையால் முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நல்ல கிளட்ச் எதிர்த்து நிற்கும். சும்மா ஸ்பிரிங் போல வழுக்கிக்கொண்டு வந்தால் தேய்ந்திருக்கிறது. சில மாடல்களில் மூடியைத் திறந்து இறுக்கம் கூட்டலாம், மற்றவற்றில் மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது செயினின் தேய்மானம். 11, 12 வேகச் செயினுக்கு 0.5 சதவீத நீட்சி வந்தாலே மாற்றும் நேரம். நீண்ட செயின் பல்லில் சரியாக உட்காராமல் மேலேறும், செயின்ரிங்கையும் சேர்த்துத் தேய்க்கும். செயினின் நீளத்தையும் பாருங்கள். தேவைக்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக இருந்தாலும் சிறிய கியர்களில் தொய்வு கூடும். டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா, செயின்ரிங் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, செயின்ரிங் நேராகச் சுற்றுகிறதா என்பவற்றுக்குச் சில நிமிடம் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் செயின் கழல்கிறதா? அப்போது எப்படிக் கழல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்னோக்கி மிதிக்கும்போது செயின் கேசட்டிலிருந்து வந்து செயின்ரிங்கின் மேல்பக்கத்தில்தான் பற்களுக்குள் நுழைகிறது. கரடான தரையில் உருண்டு வந்து, மறுபடி மிதிக்கும்போது கழன்றால் கோளாறு பெரும்பாலும் அந்த நுழைவாயிலில். செயின்ரிங்கின் மேல்பக்கத்தில் மட்டும் நிற்கும் மேல் கைடு காப்பது அந்த இடத்தைத்தான். பின்னோக்கிப் பெடலைச் சுற்றும்போது செயின் கீழ்பக்கம் வழியாகச் செயின்ரிங்குக்குள் நுழைகிறது, அங்கே மேல் கைடு எதுவும் செய்ய முடியாது. பெரிய பின்சக்கரத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிச் சுற்றினால் செயின் கேசட்டிலேயே அடுத்த சிறிய சக்கரத்துக்குத் தாவிவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அது செயின்லைன் பற்றிய, அதாவது செயின்ரிங் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பது பற்றிய பிரச்சினை. மேலேயிருக்கும் செயின் ஒரு கோணத்தில் கேசட்டுக்குப் போவதால் நடப்பது. முன்னால் எந்த கைடைப் போட்டாலும் அது தீராது. செயின்ரிங்கைச் சற்று உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும்.

செயின் அறுவதும் கழல்வதும் வேறு. 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த டவுன்ஹில் உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஆரன் க்வினின் செயின் தொடக்கத்திலேயே அறுந்துவிட்டது. மிதிக்கவே முடியாமல் முழு இறக்கத்தையும் ஓட்டி அவர் வென்றார். பார்த்தவர்கள் மறக்காத ஓட்டம் அது. ஆனால் அப்படி அறுவதை உலகின் எந்த கைடும் தடுக்காது. அதற்கு செயினின் நிலையும் அதை இணைத்த விதமும்தான் பொறுப்பு.

ஃபிரேம் எதை ஏற்கும்

உங்கள் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, கிராங்க் ஃபிரேமுக்குள் நுழையும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிப் பாருங்கள். மூன்று திருகு துளைகளோடு காது மாதிரித் தகடுகள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஐஎஸ்சிஜி. செயின் கைடுகளைப் பொருத்துவதற்காக ஒப்புக்கொள்ளப்பட்ட பொது அளவு அது. பழையதும் புதியதும் என்று அதில் இரண்டு வகை. புதியதன் பெயர் ஐஎஸ்சிஜி 05. பெரிய பாட்டம் பிராக்கெட்டுகளுக்கு இடம் கொடுப்பதற்காக அதில் துளைகள் இன்னும் பெரிய வட்டத்தில் அமைந்திருக்கும். ஒன்றுக்காகச் செய்த கைடு மற்றதில் உட்காராது. இப்போது வரும் ஃபிரேம்களில் காதுகள் இருந்தால் ஏறக்குறைய எல்லாமே 05தான். பழைய ஃபிரேம் வைத்திருப்பவர்கள் தயாரிப்பாளரின் விவரத்தாளைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

உறுதியைப் பார்த்தால் இதுதான் முதல் தேர்வு. மூன்று இடத்தில் பிடிப்பதால் கைடு திரும்பாது. செயின்ரிங்குக்குப் பதில் கல்லில் அடிவாங்கும் தகட்டைப் பொருத்தவும் இதுவே சரியான இடம்.

காதுகள் இல்லையா? சீட் குழாயில், முன் டீரெய்லர் இருக்க வேண்டிய இடத்தில், துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றில் நேரடியாகத் திருகும் சிறிய மேல் கைடுகள் உண்டு. டைரக்ட் மவுண்ட் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல துளை அமைப்புகள் இருப்பதால், துளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் அளந்துகொண்டு வாங்குங்கள். எந்தத் துளையும் இல்லாத வட்டமான சீட் குழாய் என்றால் வளையம் போட்டு இறுக்கும் வகை. அதற்குக் குழாயின் வெளிவிட்டம் தெரிய வேண்டும். 31.8 மி.மீ., 34.9 மி.மீ. இரண்டும் அதிகம் புழங்குபவை. கார்பன் குழாயில் வளையத்தை இறுக்குவதற்கு முன் ஃபிரேம் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று பாருங்கள். பல முழு சஸ்பென்ஷன் வண்டிகளில் சீட் குழாய் வளைந்தோ முன்னால் தள்ளியோ இருக்கும், அங்கே வளைய வகை செயினுக்கு நேர் மேலே வந்து நிற்காது.

கடைசி வழி, பாட்டம் பிராக்கெட்டின் கிண்ணத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே தகட்டை வைத்து நெரித்துப் பிடிப்பது. திருகு வகை பாட்டம் பிராக்கெட்டில்தான் இது இயல்பாகப் பொருந்தும். செயின் பக்கம் இருக்கும் 2.5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைடின் தகடு போகும். ஸ்பேசரே இல்லாத அமைப்பில் தகட்டை நுழைத்தால் கிராங்க் இடம் தள்ளி உட்காரும். இந்த வகையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பிடிப்பு முழுவதும் உராய்வில்தான். கீழே கல்லில் இடித்தால் கைடு அப்படியே திரும்பிவிடும். மேல் கைடு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஓகே. அடிவாங்கும் தகட்டோடு இதைப் போடாதீர்கள்.

மின்சார மவுண்டன் பைக் என்றால் மோட்டாரே அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மோட்டாருக்கென்று செய்த பொருத்தும் தகட்டைத்தான் தேட வேண்டும்.

எவ்வளவு கைடு வேண்டும்

நாரோ-வைடு செயின்ரிங்கும் கிளட்சும் உள்ள, முன்னால் ஒரே ரிங் கொண்ட வண்டிக்கு, பெரும்பாலானவர்களுக்கு ஒரு சிறிய மேல் கைடு போதும். இதை நான் தயங்காமல் சொல்வேன். அது செயினைத் தொடாமல் இரு பக்கமும் மேலேயும் காவல் நிற்கும். தொடாததால் உராய்வும் இல்லை, சத்தமும் இல்லை. எடை பெரும்பாலும் 30 முதல் 70 கிராமுக்குள். செயின் எழும்ப முயலும்போது மட்டும் அதைத் திரும்பப் பல்லில் தட்டிவிடும்.

உங்கள் பாதையில் பாறைகளும் மரக்கட்டைகளும் குறுக்கே கிடந்து, செயின்ரிங் அவற்றில் இடிக்கிறது என்றால் அடுத்த படி பாஷ் கார்ட். செயின்ரிங்கின் கீழ்ப்பல்லில் கல் இடித்தால் பல் வளையும், செயின் நசுங்கும். இதைத் தடுக்க இரண்டு வழி. கிராங்கோடு சேர்ந்து சுற்றும் முழு வளையம் ஒன்று. ஃபிரேமின் காதுகளில் பொருத்தி, செயின்ரிங்கின் அடிப்பக்கத்தை மட்டும் மறைக்கும் பிறை வடிவத் தகடு இன்னொன்று, அதை டாக்கோ என்பார்கள். எது நல்லது என்பது அடி எங்கே போய்ச் சேரட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வளையத்தில் விழும் அடி கிராங்குக்கும் பாட்டம் பிராக்கெட் பேரிங்குக்கும் போகும். டாக்கோவில் விழும் அடி காதுகள் வழியாக ஃபிரேமுக்குப் போகும். பலமான அடியில் காதே உடைந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் சில ஃபிரேம்களில் காதுகளைத் தனியே கழற்றி மாற்றும்படி வைத்திருக்கிறார்கள். கார்பன் ஃபிரேமில் காதுகள் ஃபிரேமோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால், டாக்கோ போடுவதற்கு முன் தயாரிப்பாளரின் அனுமதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பைடர் என்ற தாங்கு கைகள் இல்லாமல் நேராகக் கிராங்கில் மாட்டும் செயின்ரிங்குகளில் பெரும்பாலும் வளையம் பொருத்த இடமே இருக்காது, டாக்கோ ஒன்றுதான் வழி.

கீழ் ரோலரோ வழுக்கும் தகடோ உள்ள முழு கைடு எப்போது? செயின் கழன்றால் பந்தயமே போய்விடும் என்ற நிலையில் இருக்கும் டவுன்ஹில்காரர்களுக்கு. அது கீழ்ச்செயினைச் செயின்ரிங்கின் பின்புறத்தில் மேலே தூக்கிப் பிடிப்பதால் இன்னும் சில பற்கள் செயினைப் பற்றும். கீழ்ச்செயினின் துள்ளல் செயின்ரிங் வரை வராமல் அங்கேயே நின்றுவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. செயின் எப்போதும் ரோலரைத் தொட்டுக்கொண்டே ஓடுவதால் ஏற்றத்தில் அந்த உராய்வும் சத்தமும் கூடவே வரும், சேற்றில் ரோலரின் பேரிங் சீக்கிரம் போகும். ஏறி இறங்கும் வண்டியில் இதைப் போட்டுவிட்டு, மாதம் ஒரு முறை கழலும் செயினுக்காகத் தினமும் அந்த உராய்வைச் சுமக்க வேண்டியதில்லை.

ஹை-பிவட் சஸ்பென்ஷன், அதாவது பின்பகுதி ஆடும் அச்சு உயரத்தில் இருக்கும் வகை, மட்டும் விதிவிலக்கு. இந்த வண்டிகளில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின்சக்கரம் பின்னோக்கி நகரும். செயின் இழுபடாமல் இருக்க மேல்செயினை ஐட்லர் என்ற சிறு சக்கரத்தின் மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். அதனால் செயின், செயின்ரிங்கின் உச்சியில் நுழையாமல் சற்று முன்னால் நுழைகிறது, பற்றும் பற்கள் குறைகின்றன. கீழ்ச்செயினும் அதிகம் நீள வேண்டியிருக்கும். எனவே இவற்றில் பலவற்றில் கீழ் ரோலர் ஃபிரேமின் வடிவமைப்பிலேயே சேர்ந்தது. தேவையில்லை என்று கழற்றிவிடாதீர்கள், ஐட்லரின் பற்களும் செயின்ரிங்கைப் போலவே தேயும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முன்னால் இன்னும் இரண்டு ரிங் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன் டீரெய்லரே வெளிப்பக்கக் காவல். செயின் உள்பக்கமாகச் சின்ன ரிங்கைத் தாண்டி விழுவதுதான் வழக்கமான தொல்லை. அதற்கு முன் டீரெய்லரின் உள் எல்லைத் திருகைச் சரிசெய்து, சீட் குழாயில் ஒரு சிறிய தடுப்பு விரல் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பொருத்தும்போது

கைடை வாங்கும் முன் இன்னும் மூன்று விவரங்களைக் கையில் வைத்திருங்கள். ஒன்று செயின்ரிங்கின் பல் எண்ணிக்கை. ஒவ்வொரு கைடுக்கும் 28 முதல் 36 என்பது போல ஒரு வரம்பு இருக்கும், டாக்கோவுக்கு அது இன்னும் குறுகியது. இரண்டு, ரிங் வட்டமா நீள்வட்டமா. நீள்வட்ட ரிங் சுற்றும்போது மேலும் கீழும் போவதால் 32 பல் நீள்வட்டத்துக்கு 34 பல் வட்டத்துக்கான உயரம் வேண்டியிருக்கும். மூன்று, செயின்லைன், அதாவது ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின்ரிங் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. பின் ஹப் அகலமான பூஸ்ட் வண்டிகளில் 52 மி.மீ. வழக்கம். 2023இல் வந்த ஸ்ராமின் டிரான்ஸ்மிஷன் வகை 55 மி.மீ. கைடு அவ்வளவு தூரம் வெளியே வருமா, அதற்கான ஸ்பேசர்கள் பெட்டியில் உள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல் கைடைச் செயின் பற்களுக்குள் நுழையும் இடத்துக்கு நேர் மேலே வையுங்கள். ரொம்பப் பின்னால் போனால் காவல் குறையும். கேசட்டின் மிகப் பெரிய சக்கரத்தில் வைத்துச் செயின் கைடின் உள்சுவரைத் தொடுகிறதா என்று பாருங்கள். அடுத்து மிகச் சிறியதில் வைத்து வெளிச்சுவரைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் போல இடம் விட்டால் நல்லது. ஓரத்தில் லேசாக உரசினால் ஸ்பேசரை மாற்றுங்கள். சுவர்களை விலக்கி இடைவெளியைப் பெரிதாக்கும் யோசனை வேண்டாம், செயின் புகுந்து வெளியேறும் அளவுக்கு வழி கிடைத்துவிடும்.

முழு சஸ்பென்ஷன் வண்டியில் இதை நின்ற நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. பின் ஷாக்கின் காற்றை இறக்கி, சஸ்பென்ஷனை முழுதாக அமுக்கி, மெதுவாகக் கிராங்கைச் சுற்றுங்கள். பின்சக்கரம் மேலே போகும்போது மேல்செயினின் கோணம் மாறும். நின்ற நிலையில் எட்டி நின்ற கைடு அப்போது செயினை அழுத்தக்கூடும். அதே நேரத்தில் செயின் நீளம் போதுமா, டீரெய்லர் முன்னோக்கி அளவுக்கு மீறி இழுபடுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

போல்ட்டுகளை விவரத்தாளில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள், திருகுப் பசை ஒரு சொட்டு வையுங்கள். காதுகளின் திருகு இழை அலுமினியம் அல்லது கார்பனில் பதித்த உலோகம்தான், மிகையாக இறுக்கினால் இழை போய்விடும், பிறகு அந்தத் துளைக்கு வைத்தியம் கடினம்.

இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி தொட்டுப் பாருங்கள், அப்புறம் கைடின் உள்சுவர்களைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். செயின் உரசிய இடம் பளபளவென்று கோடாகத் தெரியும். கோடு உள்பக்கம் மட்டும் இருந்தால் ஒரு ஸ்பேசரைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். மேல்கூரையில் சின்னச் சின்னத் தட்டல் தடங்கள் இருந்தால், செயின் கழலப் பார்த்த ஒவ்வொரு முறையும் கைடு அதைத் திரும்பப் பல்லில் உட்கார வைத்திருக்கிறது. அந்தத் தடங்கள் போகப்போக அதிகமானால் கிளட்சையும் செயின்ரிங்கின் பற்களையும் மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டிய நேரம்.